கடல் ஒத்துக்கொள்ளாத அக்கா

அக்கா பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு விரலைத் தூக்குவார். 'கொஞ்சம் இரு' என்று அர்த்தம். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு பார்வை பார்ப்பார். படகின் அந்தப் பக்க ஓரத்துக்குத் தவழ்ந்து போய், கம்பியைப் பிடித்துக் குனிந்து வாந்தி எடுப்பார். தோளில் மாட்டியிருக்கும் போத்தலிலிருந்து ஒரு வாய் ஊற்றிக் கொப்பளிப்பார். திரும்பி வந்து உட்கார்ந்து, "ஆங்… என்ன சொல்லிட்டு இருந்தேன்? அந்த மீன்காரன்…" என்று விட்ட இடத்தில் பேச்சைப் பிடித்துக்கொள்வார்.

முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்தடுத்த தடவைகளில் பாவமாக இருந்தது. பிறகு சிரிப்பும் போய்விட்டது, பாவமும் போய்விட்டது. படகில் யாராவது தும்மினால் நாங்கள் திரும்பிப் பார்ப்போம். அக்கா வாந்தி எடுத்தால் யாரும் பார்ப்பதில்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. மலேசியாவில், ஈப்போவில் ஒரு சீனப் பல் டாக்டர் இருந்தார். நாடு திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து பழைய பந்தயப் பாய்ப்படகு ஒன்றை வாங்கிக் கடலோர ஊரான லுமுட்டில் நிறுத்தி வைத்திருந்தார். நான் அப்போது ஈப்போவில் வயர்மேன். அவருடைய கிளினிக்கில் விசிறி மாட்டப் போனவனை, படகில் விளக்கு எரியவில்லை என்று லுமுட்டுக்குக் கூட்டிப்போனார். விளக்கை எரியவைத்துவிட்டு நான் அங்கேயே ஒட்டிக்கொண்டேன். அக்கா அதே கிளினிக்கில் டாக்டருக்கு உதவியாள். வயது முப்பதைத் தாண்டி சில வருஷம் இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. ஈப்போவின் புந்தோங் பகுதியில் அம்மாவோடு வாடகை வீட்டில் இருந்தார்.

படகை ஓட்டக் கற்றுக்கொடுக்க டாக்டர் ஒரு கேப்டனைப் பிடித்திருந்தார். பாகான் செராய்க்காரர், மலாய்க்காரர், கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். இவர்களோடு பங்கோர் தீவின் மீன்பிடிக் குடும்பத்துச் சீனச் சகோதரர்கள் இருவர். மொத்தம் ஆறு பேர். வருஷக் கடைசியில் லுமுட்டிலிருந்து லங்காவி வரை ஒரு பாய்ப்படகுப் பந்தயம் இருந்தது. அதற்காகத்தான் பயிற்சி.

அக்கா எப்படி வந்தார் என்றால், "பயிற்சிக்கு ஆள் ஒன்னு குறையுது" என்று டாக்டர் கிளினிக்கில் யாரிடமோ டெலிபோனில் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நான் வாரேன் டாக்டர்" என்று சொன்னாராம். அவ்வளவுதான்.

முதல் நாள் படகு பங்கோரைத் தாண்டித் திறந்த கடலுக்குள் போனதும் அக்காவின் முகம் சாம்பலாகிவிட்டது. வரிசையாக வாந்தி. கேப்டன் சுக்கானைப் பிடித்தபடி டாக்டரைப் பார்த்தார். கேப்டனோடும் டாக்டரோடும் பேசுவது எல்லாம் மலாயில்தான், நான் தமிழில் எழுதுகிறேன்.

"திரும்பிப் போய் இவங்களைக் கரையில விட்டுட்டு வரலாம்."

அக்கா தலையைத் தூக்கினார். கேப்டனை அவர் மரியாதையாக 'என்சிக்' என்றுதான் கூப்பிடுவார். "வாந்தி எடுக்கிறது வாய்தானே என்சிக்? கை சும்மாத்தான இருக்கு. கைக்கு ஏதாவது வேலை குடுங்க."

கேப்டன் பாயை இழுக்கும் கயிற்று உருளையின் கைப்பிடியைக் காட்டினார். அக்கா அதைச் சுற்றினார். சுற்றினார், குனிந்தார், துடைத்தார், மறுபடி சுற்றினார். சாயங்காலம் கரைக்கு வரும்வரை அதை யாரிடமும் கொடுக்கவில்லை.

"அடுத்த வாரம் வர மாட்டாங்க," என்று கேப்டன் டாக்டரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அடுத்த வாரம் கேப்டன் படகுத்துறைக்கு வந்தபோது அக்கா அங்கே நின்று அசாம்போய் என்ற உப்புப் பழத்தைச் சப்பிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் கேட்டேன். "ஏங்கா, இவ்ளோ சுசாவா, கஷ்டமா இருக்கே, எதுக்கு வாரீங்க?"

"நல்லாயிருக்குலா தம்பி."

"வாந்தி எடுக்கிறது நல்லாயிருக்கா?"

"அது அது பாட்டுக்கு இருக்கு. பாய் காத்தைப் பிடிச்ச உடனே படகு ஒரு பக்கமா சாஞ்சு, எஞ்சின் சத்தமே இல்லாம ஓடுது பாரு. அது எனக்கு வேணும். வயிறு வேணாங்குதுன்னா அது வயித்தோட பிரச்சனை."

வயிற்றோடு அவருக்கு இருந்த சண்டை பழையது என்று பிறகுதான் தெரிந்தது. பிறந்தது பீடோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அம்மா பால் வெட்டுக்காரி. தோட்டத்துப் பிள்ளைகள் டவுனில் இருக்கும் இடைநிலைப் பள்ளிக்குத் தோட்ட லாரியில் போக வேண்டும். செம்மண் ரோடு, வளைவு, டீசல் புகை. ஏறிய கொஞ்ச நேரத்தில் அக்காவுக்கு வந்துவிடும். மற்றப் பெண்கள் பாவாடையை இழுத்துக்கொண்டு நகர்ந்து உட்காருவார்களாம். லாரிக்காரர் ஒருநாள் இறக்கிவிட்டு, "வீட்டுக்குப் போ, நாளைக்கு மருந்து குடிச்சிட்டு வா" என்றிருக்கிறார். அக்கா வீட்டுக்குப் போகவில்லை. டவுனுக்கு நடந்திருக்கிறார். வகுப்பு முடியும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். மறுநாள் லாரியில் மறுபடி ஏறி, பின்பலகையை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடிக்கும்வரை அதுதான் அவர் இடம்.

"அந்த லாரியில வாந்தி எடுக்காம போன நாளே இல்ல," என்றார். "ஸ்கூலுக்குப் போகாத நாளும் இல்ல."

இதைச் சொல்லும்போது பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. பஸ் எந்த வழியாகப் போகும் என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

மருந்தும் பார்த்தோம். டாக்டர் ஒரு மாத்திரை வாங்கிவந்து கொடுத்தார். அன்றைக்கு அக்கா வாந்தி எடுக்கவில்லை. ஆனால் சுக்கானைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டார். கேப்டன் எழுப்பியபோது படகு வந்த வழியே திரும்பிக்கொண்டிருந்தது. அக்கா மாத்திரை அட்டையைப் பையிலிருந்து எடுத்து டாக்டர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"இது வேணாம் டாக்டர். முழிச்சிருந்து வாந்தி எடுக்கிறதே மேல்."

கேப்டனின் கவலை வேறு. "வாந்தி யாரையும் கொல்லாது. தண்ணி போனா கொன்னுடும்," என்பார். அவர் கடற்படையில் பார்த்திருக்கிறாராம், திடகாத்திரமான ஆட்கள் உடம்பில் நீர் வற்றிச் சுருண்டு விழுந்ததை. அதற்கும் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுப் போத்தலில் ஊற்றி, தோளில் மாட்டிக்கொள்வார். போனதற்கு மேல் ஒரு வாய் உள்ளே போக வேண்டும் என்று கணக்கு. குடித்ததும் சில சமயம் வெளியே வந்துவிடும். மறுபடி குடிப்பார்.

இரவும் கடலில் தங்கும் பயிற்சி என்றதும் அக்காவின் அம்மா முடியாது என்றுவிட்டார். ஐந்து ஆம்பிளைகளோடு ஒரு பொம்பளையா? அக்கா வாதாடவில்லை. அம்மாவைப் பஸ்ஸில் ஏற்றி லுமுட்டுக்குக் கூட்டிவந்து படகுக்குள் இறக்கினார். நான்தான் கைப்பிடித்து இறக்கிவிட்டேன். உள்ளே குனிந்துதான் நிற்க முடியும். இரண்டு பக்கமும் பலகைப் படுக்கை, நடுவில் ஈரமான பாய்மூட்டைகள், டீசல் வாடை, மூலையில் ஓர் எண்ணெய் அடுப்பு, கறுப்புத் துணி தொங்கவிட்ட கக்கூஸ். ஒருவர் வேலைக்கு எழுந்தால்தான் இன்னொருவர் படுக்கலாம். அம்மா சுற்றிலும் பார்த்தார். படுக்கையைத் தடவிப் பார்த்தார்.

"இதுல புரண்டு படுக்கவே எடமில்லயே," என்றார். "சரி, போய்த் தொலை."

வேலையில் கேப்டன் ஈவிரக்கம் பார்க்க மாட்டார். ஒரே பாயை ஏற்று, இறக்கு, மடி, மறுபடி ஏற்று. வெயிலில் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை, பசியில் ஒரு தடவை. எங்களுக்கு உள்ளங்கை கொப்புளித்து உடைந்து மறுபடி கொப்புளிக்கும். டாக்டர் நல்ல காற்றில் நன்றாகவே வேலை செய்வார், சிரித்துப் பேசிக்கொண்டு. அக்கா சிரிக்கவும் மாட்டார், முணுமுணுக்கவும் மாட்டார். முடிச்சுகளை மட்டும் வாய்க்குள் சொல்லிக்கொள்வார். கிளினிக்கிலும் அதே வேலைதான். பல் பிடுங்கிய இடத்தைத் தைக்கிற நூலில் மிச்சம் விழுந்தால், அலமாரிக் கைப்பிடியில் முடிச்சுப் போட்டுப் பழகுவாராம். நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும் நோயாளிகள் அதைப் பார்த்துக்கொண்டே கிடப்பார்கள் என்று டாக்டர் சொல்லிச் சிரிப்பார்.

பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கேப்டன் ஒரு விஷயம் சொன்னார். படகில் ஐந்து பேர்தான் போகலாம். ஆறு பேர் என்றால் கனம், தண்ணீர், சாப்பாடு எல்லாம் கூடும். கடைசி நீண்ட பயிற்சி முடிந்ததும் யார் இல்லை என்று சொல்கிறேன் என்றார்.

யார் இல்லை என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. சகோதரர்கள் கடலிலேயே வளர்ந்தவர்கள். பேட்டரியும் விளக்கும் ரேடியோவும் பார்க்க நான் வேண்டும். படகே டாக்டருடையது. மிச்சம் இருப்பது அக்கா. அக்காவுக்கும் இது தெரிந்திருந்தது.

"என்னைத்தான் விடுவாரு," என்றார், பாயை மடித்துக்கொண்டே.

"அப்ப இந்தப் பயிற்சிக்கு எதுக்குக்கா வாரீங்க?"

"இன்னும் விடலல்ல?"

கடைசிப் பயிற்சி ஜாராக் தீவைச் சுற்றிவருவது. கரையிலிருந்து வெகுதூரத்தில், நடுக்கடலில் ஒற்றைப் பாறையாக நிற்கும் தீவு அது. ஆள் கிடையாது. போகும்போது நல்ல காற்று. கேப்டனின் மனைவி கொடுத்துவிட்ட நெத்திலிச் சம்பலோடு சோறு சாப்பிட்டோம். அக்கா மட்டும் கஞ்சி.

இரவு கழிந்து, திரும்பும் வழியில் விடிந்து வெளிச்சம் வந்த நேரம், மேற்கே வானம் கறுத்து வளைவாக எழும்பியது. சுமத்ரா பக்கமிருந்து வரும் அந்தச் சூறைக்கு எங்கள் கடலோரத்தில் பெயரும் சுமத்ராதான். கேப்டன் பார்த்ததும் கத்தினார். பெரிய பாயைச் சகோதரர்களில் மூத்தவர் இறக்க வேண்டும். இளையவரும் டாக்டரும் நானும் முன்பாயை இறக்க வேண்டும். பழகிய வேலைதான்.

ஆனால் அந்த அலை நாங்கள் பழகிய அலை இல்லை. காற்று வந்து சேர்வதற்கு முன்னமே கடல் குழம்பிவிட்டது. படகு மேலே போய்த் தொப்பென்று விழுந்தது. எழுந்து நிற்கிறேன் என்றுதான் நினைத்தேன். வயிறு அப்படியே வாய்க்கு வந்தது. அதுவரை எனக்குக் கடலில் வாந்தி வந்ததே கிடையாது. பிறகு கையும் வரவில்லை, காலும் வரவில்லை. சுக்கான் பக்கத்தில் இருக்கும் பள்ளத்தில் சுருண்டுவிட்டேன். செத்தால் தேவலை என்று இருந்தது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படி நினைத்தேன். டாக்டர் அதற்கு முன்பே உள்ளே விழுந்து படுக்கைக் கட்டையைக் கட்டிப்பிடித்துக் கிடந்தார். கேப்டன் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். 

ஓய்வில் இருந்த அக்கா மேலே வந்தார். முகம் வழக்கம்போலச் சாம்பல். இடுப்பில் கட்டிய பாதுகாப்புப் பட்டையைக் கம்பியில் மாட்டினார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னைத் தாண்டி முன்னால் தவழ்ந்தார். மழை அடித்துக்கொட்டியது. இளையவர் கயிற்றைத் தளர்த்த, முன்பாய் படபடவென்று அடித்துக்கொண்டு பாதியில் சிக்கி நின்றது. இறங்கிய பாதியும் காற்றில் மறுபடி ஏறப் பார்த்தது. அக்கா அதை மார்போடு அணைத்து, தளத்தில் குப்புற விழுந்து, அதன் மேலேயே படுத்துக்கொண்டார். அலை அவர் முதுகின் மேல் போனது. தலை வெளியே வந்தது. பாயின் மேலேயே வாந்தி எடுத்தார். ஒரு கையால் இன்னும் கொஞ்சம் பாயை இழுத்து வயிற்றுக்கு அடியில் தள்ளினார். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக முழுப் பாயும் இறங்கியது. படுத்த வாக்கிலேயே கட்டினார்.

திரும்பி வந்தபோது என் பட்டை எதிலும் மாட்டாமல் கிடப்பதைப் பார்த்தார். அவரே மாட்டிவிட்டார்.

"வருதாடா?"

தலையாட்டினேன்.

"வரட்டும். எந்திரி, உள்ள தண்ணி ஏறுது. இந்தப் பம்ப அடி."

"முடியலக்கா…"

"முடியலன்னுதான் இருக்கும். அடி. வந்தா எடு, ஆனா அடிக்கிறத நிறுத்தாத."

அடித்தேன். எப்படி என்று தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, "ஆங், அடி, அடி" என்று அவர் சொன்னது மட்டும் நினைவில் இருக்கிறது. நடுவில் உள்ளே இறங்கி டாக்டரின் தலையைத் தூக்கிக் கஞ்சித் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தார். டாக்டர் ஏதோ சொன்னார். "பரவாயில்ல டாக்டர், படுங்க" என்றார் அக்கா.

மறுநாள் லுமுட் துறையில் படகைக் கட்டிப் பாயைக் கழுவினோம். கேப்டன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"டாக்டர், நீங்க இல்ல."

சகோதரர்கள் குழாயை மூடிவிட்டார்கள். டாக்டர் சிரிக்கப் பார்த்தார்.

"கேப்டன், இது என் படகு."

"ஆமா, உங்க படகுதான். கடல்ல ஆள் எடுக்கிறது என் வேலைன்னு முதல் நாளே பேசினோம். வேணாம்னா சொல்லுங்க, நான் ஊருக்குப் போறேன்."

டாக்டர் காருக்குப் போனார். அக்கா எப்போதும் அவர் காரில்தான் ஈப்போவுக்குத் திரும்புவார். "நம்ம பஸ்ஸுல போலாம்கா" என்று நான் மெதுவாகச் சொன்னேன்.

"எதுக்கு? நாளைக்கும் அவர் மூஞ்சியிலதான முழிக்கணும்?" பையைத் தூக்கிக்கொண்டு போய் முன்சீட்டில் ஏறினார்.

 வழியில் போத்தா என்ற ஊரின் வளைவுகளில் அக்காவுக்கு வாந்தி வந்துவிட்டதாம். "அவர் உம்முன்னு ஓட்டுறாரு. நான் வண்டிய நிறுத்துங்க டாக்டருங்கிறேன். நிறுத்துறாரு. எடுத்துட்டு ஏறுறேன். கொஞ்ச தூரம் போயி மறுபடியும் நிறுத்துங்கிறேன். நெனச்சுப் பாரு தம்பி." இதைச் சொல்லும்போதுதான் அக்கா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது.

ஆனால் அந்த வாரம் சிரிக்கிற வாரமாக இல்லை. கிளினிக்கில் டாக்டர் "பஞ்சு", "ஊசி", "அடுத்த ஆள்" என்பதைத் தவிர வேறு பேசவில்லை. வேலை போய்விடும் என்று அக்காவின் அம்மா அழுதார். "விட்டுக்குடுத்துடுடி, உனக்கு என்ன கடலா சோறு போடுது?" நானும் அதைத்தான் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் கடைசி நோயாளி போனபின், கருவிகளைக் கழுவிக்கொண்டே சொல்லியிருக்கிறார். "டாக்டர், நான் விட்டுக்குடுக்கிறேன்னு சொல்லுவேன்னு நீங்க காத்துட்டு இருந்தீங்கன்னா, சொல்ல மாட்டேன். எனக்குப் போகணும். வேற ஆள் பாக்கிறதுன்னா பாருங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

டாக்டர் நாற்காலியில், நோயாளி படுக்கிற நாற்காலியில், போய் உட்கார்ந்தாராம்.

"சொல்லிடுவியோன்னுதான் தினமும் பயந்துட்டு இருந்தேன்."

"ஏன் டாக்டர்?"

"சொல்லியிருந்தா, சரின்னு ஏத்துக்கிட்டிருப்பேன். அதுக்கப்புறம் உன் முகத்தைப் பாத்து எப்படி வேலை செய்யிறது?"

பந்தயத்தில் நாங்கள் நடுவில்தான் வந்தோம். புறப்படும் துப்பாக்கி வெடித்தபோது அக்கா ஓரத்தில் குனிந்திருந்தார். பினாங்கைத் தாண்டியதும் காற்று செத்துவிட்டது. எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எங்களைத் தாண்டிப் போனதும் உண்டு. லங்காவித் துறையில் டாக்டர் பை நிறைய நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்களோடு நின்றார். அக்காவைத் தவிர எல்லோரும் உடனே பிரித்துச் சாப்பிட்டோம்.

மறுவருஷம் பயிற்சி தொடங்கியபோது டாக்டர் கேப்டனிடம் வந்து கேட்டார். "நான் வரலாமா? இடம் கேக்கல. பயிற்சிக்கு மட்டும்."

"முன்பாய் இப்ப அவங்க பொறுப்பு," என்று கேப்டன் அக்காவைக் காட்டினார். "அவங்க ஆள அவங்கதான் எடுக்கணும்."

அக்கா, "ஏறுங்க டாக்டர்" என்றார்.

அந்த வருஷம் மோசமான கடலாகத் தேடித் தேடிப் போனோம். டாக்டர் மாத்திரை போடவில்லை. முதல் நாள் பங்கோரைத் தாண்டியதும் வாந்தி எடுத்துவிட்டு, கரையில் இறக்கிவிடச் சொன்னார். அக்கா அதைக் காதில் வாங்காமல் ஒரு கயிற்றை அவர் மடியில் போட்டார். "இழுங்க டாக்டர்." வாரநாளெல்லாம் அவர் சொல்லி அக்கா செய்வார். சனி ஞாயிறு அக்கா சொல்லி அவர் செய்தார். ஐம்பது வயது மனிதர், அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இழுத்தார். ஆனால் ஒரு வாரமும் வராமல் இருந்ததில்லை. எனக்கு அப்போது புதுவீட்டு வயரிங் வேலைகள் நிறைய வந்துகொண்டிருந்தன. இடையில் இரண்டு மூன்று வாரம் நான் போகவில்லை.

இந்தத் தடவையும் ஐந்து பேருக்குத்தான் இடம். கடைசிப் பயிற்சி முடிந்த அன்று அக்கா என்னிடம் நேரே வந்தார்.

"தம்பி, இந்த வருஷம் நீ இல்ல."

நான் கேப்டனைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேட்டரி யாருக்கா பாப்பா?"

"நீ பண்றதப் பாத்து இளையவன் பழகிட்டான். நீ வராத வாரமெல்லாம் அவன்தான் பாத்தான்."

எனக்குப் பயங்கரக் கோபம். இந்தப் படகில் தமிழில் பேச அக்காவுக்கு என்னை விட்டால் வேறு யார் இருந்தார்கள்? அந்தச் சூறையில் பம்ப் அடித்தது நான்தானே? பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். 

பந்தயத்தன்று போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் காலையில் லுமுட்டுக்குப் பஸ் ஏறிவிட்டேன். துறையில் யாரோ ஒருவர் படகின் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். நான் அவிழ்த்து, கோபம் தீராமலேயே அக்காவின் பக்கம் பலமாக எறிந்தேன். அவர் அதைப் பிடித்துச் சுருட்டினார். என்னைப் பார்க்கவில்லை. பாயைப் பார்த்து, "டாக்டர், இழுங்க" என்றார். பாய் ஏறியது.